தவறு நடந்தால் செலவு யாருக்கு? – கணினி மொழிகள் பிழையைக் கையாண்ட வரலாறு

ஒரு நிரலில் "இந்தக் கோப்பைத் திற" என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் கோப்பு அங்கே இல்லை. யாரோ அழித்துவிட்டார்கள், அல்லது பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. கணினி இப்போது என்ன செய்ய வேண்டும்?

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அறுபது ஆண்டுகளாக கணினி மொழிகளை உருவாக்கியவர்கள் இதற்கு ஒருமித்த பதில் சொல்லவில்லை. ஒரு மொழி "ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறேன், நீயே பார்த்துக்கொள்" என்றது. இன்னொன்று "வேலையை நிறுத்திவிட்டு மேலே தகவல் சொல்கிறேன்" என்றது. மூன்றாவது "பதில் எழுதாமல் உன் நிரலை ஏற்கவே மாட்டேன்" என்று அடம்பிடித்தது. நான்காவது "செத்துப் போகட்டும், புதிதாக ஒன்றைத் தொடங்கலாம்" என்றது! ஒவ்வொன்றும் முந்தையதன் குறையைத் தீர்க்க வந்தது. வந்த கையோடு புதிதாக ஒரு குறையையும் கொண்டுவந்தது.

வணிகவியல் படித்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பிழை என்பது ஒரு செலவு. அதை ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றலாமே தவிர, மறைந்துபோகச் செய்ய முடியாது. நிரல் எழுதுபவரின் நேரத்தில் எழுதலாம், கணினியின் வேகத்தில் எழுதலாம், இல்லாவிட்டால் கடைசியில் அதைப் பயன்படுத்தும் அப்பாவியின் தலையில் எழுதலாம். பிழை கையாளுதலின் வரலாறு முழுக்க இந்தத் தலைப்பு மாற்றம்தான்.

முதல் முயற்சி: பிஎல்/ஒன்

1960-களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனம் பிஎல்/ஒன் என்ற மொழியைக் கொண்டுவந்தது. அறிவியல் கணக்கு, வணிகக் கணக்கு இரண்டையும் ஒரே மொழியில் செய்ய வேண்டும் என்பது அதன் ஆசை. அதில் 'ஆன்' என்றொரு கட்டளை இருந்தது. "பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்தால் இதைச் செய்", "கோப்பு முடிந்துவிட்டால் அதைச் செய்" என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். பிழை வந்ததும் கட்டுப்பாடு அங்கே தாவும்.

நல்ல யோசனைதான். ஆனால் நிரல் ஓடும்போது எந்த 'ஆன்' கட்டளை கடைசியாக இயங்கியதோ அதுதான் நடப்பில் இருக்கும். ஆகவே ஒரு வரியை மட்டும் படித்துப் பார்த்து, பிழை வந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் எந்தெந்த வழியாக வந்தது என்ற முழுக் கதையும் தெரிய வேண்டும். எழுதுபவருக்குச் செலவு குறைந்தது. பின்னால் வந்து படிப்பவருக்குக் கூடியது.

சி மொழி: சொல்வது என் கடமை, கேட்பது உன் பாடு

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி இதற்கு நேர் எதிர். பிழைக்கென்று தனி ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. ஒரு ஃபங்ஷன் தோற்றால் -1 அல்லது 'நல்' என்று ஏதாவது ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். காரணம் 'எர்னோ' என்ற பொது இடத்தில் ஓர் எண்ணாக இருக்கும். போய்ப் பார்ப்பதும் பார்க்காததும் நிரல் எழுதுபவரின் இஷ்டம்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. வேகமானது, மலிவானது. ஆனால் மனிதர்கள் மறப்பார்கள். சி மொழி கற்பவர்கள் முதல் நாளே எழுதும் 'பிரிண்ட்எஃப்' ஒரு மதிப்பைத் திருப்பித் தருகிறது. அதை எத்தனை பேர் சோதிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

இன்னொரு சிக்கல், பிழையும் விடையும் ஒரே வாசல் வழியாக வருவது. எழுத்து வடிவில் இருக்கும் எண்ணை உண்மையான எண்ணாக மாற்றும் 'ஏடுஐ' என்ற ஃபங்ஷனிடம் "0" என்று கொடுத்தால் 0 வரும். "ஏபிசி" என்ற எழுத்துகளைக் கொடுத்தாலும் 0 தான் வரும். தொகை எழுதும் இடத்தில் ஒருவர் தவறுதலாகப் பெயரை எழுதிவிட்டார் என்று வையுங்கள். கணக்குப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் 'ரூபாய் பூஜ்யம்' என்று பதிந்துகொள்கிறார். அதுபோலத்தான் இது.

இந்த முறை எவ்வளவு தூரம் போய் இடிக்கும் என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தில் நடந்ததே சாட்சி. ஐபோனிலும் மேக் கணினியிலும் பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் சி நிரலில் வரிசையாகச் சில சோதனைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தவறு வந்தால் 'ஃபெயில்' என்ற இடத்துக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவல் வரி ஓர் இடத்தில் தவறுதலாக இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரிக்கு நிபந்தனையே கிடையாது. ஆகவே எப்போதும் தாவியது. தாவும் நேரத்தில் பிழை எண் 0, அதாவது 'வெற்றி' என்று இருந்தது. விளைவு? கையெழுத்தைச் சரிபார்க்கும் கடைசிச் சோதனை நடக்காமலே "எல்லாம் சரி" என்ற பதில் போனது. போலித் தளம்கூட உண்மையான தளம்போல் நடிக்க இது வழிவிட்டது. 2014 பிப்ரவரியில்தான் ஆப்பிள் இதைத் திருத்தி வெளியிட்டது.

கணக்கியலில் இருப்பாய்வு காட்டிக்கொடுக்கும் பிழைகள், காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று இரண்டு வகை உண்டு. இரண்டாவது வகைதான் ஆபத்தானது, ஏனென்றால் இரண்டு பக்கமும் சமமாகவே தெரியும். ஆப்பிளின் பிழை அந்த வகை.

தொடர்வதா, முடிப்பதா?

1975-ல் ஜான் குட்இனஃப் என்பவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை எக்ஸெப்ஷன் என்ற கருத்தை ஒழுங்குபடுத்தியது. எக்ஸெப்ஷன் என்றால் விதிவிலக்கு. ஒரு ஃபங்ஷனால் வேலையை முடிக்க முடியவில்லை என்றால், சாதாரண விடை வரும் வாசலை விட்டுவிட்டு வேறு வாசல் வழியாகத் தன்னை அழைத்தவருக்குத் தகவல் சொல்வது.

உடனே ஒரு சண்டை பிறந்தது. பிழையைச் சரிசெய்த பிறகு, நின்ற இடத்திலிருந்தே தொடர வேண்டுமா? அல்லது அந்த வேலையை அதோடு முடித்துவிட வேண்டுமா? எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய சிஎல்யூ மொழி 'முடித்துவிடு' என்றது. அதோடு, ஒரு ஃபங்ஷன் எந்தெந்த விதிவிலக்குகளைத் தரும் என்று தலைப்பிலேயே எழுத வேண்டும் என்றும் சொன்னது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தின் மேசா மொழி 'தொடரலாம்' என்ற வசதியையும் தந்தது.

யார் சொன்னது சரி என்பது வாதத்தில் முடிவாகவில்லை. அனுபவத்தில்தான் முடிவானது. 1991-ல் சி++ தரப்படுத்தும் குழுவின் கூட்டத்தில், மேசா வழி வந்த மொழிகளில் நீண்ட காலம் வேலை செய்த ஜிம் மிட்செல் பேசினார். சுமார் 5 லட்சம் வரிகள் கொண்ட ஒரு பெரிய அமைப்பில் 'தொடர்தல்' என்ற வசதி ஆரம்பத்தில் தாராளமாகப் பயன்பட்டது. ஆண்டுகள் போகப் போக ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, கடைசியில் ஒரே ஓர் இடத்தில்தான் மிஞ்சியது. அதையும் எடுத்தபோது அந்தப் பகுதி வேகமாக ஓடியதாம்! சி++ 'முடித்துவிடு' பக்கம் போனது. பின்னால் வந்த ஜாவா, சி ஷார்ப் ஆகியவையும் அதே வழியில் போயின.

ஏரியன் 5: கூப்பிட்டது கேட்டும் வந்த விபரீதம்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான ஏடா மொழியிலும் விதிவிலக்குகள் உண்டு. 1980-ல் ட்யூரிங் விருது உரை நிகழ்த்திய டோனி ஹோர் இந்த மொழியைக் கடுமையாக விமர்சித்தார். இவ்வளவு சிக்கலான மொழியை, அதுவும் விதிவிலக்கு கையாளுதல் போன்ற வசதிகளுடன், அணு உலைகளிலும் ஏவுகணைகளிலும் பயன்படுத்துவது ஆபத்து என்று எச்சரித்தார்.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில் வானிலேயே சிதறியது. அதில் இருந்த 4 கிளஸ்டர் அறிவியல் செயற்கைக்கோள்களும் போயின.

என்ன நடந்தது? ராக்கெட்டின் திசையைக் கணிக்கும் கருவியில் ஏடா மொழியில் எழுதிய நிரல் இருந்தது. பழைய ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. அதில் ஓர் இடத்தில் 64 பிட் பின்ன எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டும். 16 பிட்டில் 32,767-க்கு மேல் அடங்காது. ஏரியன் 4-ன் பாதையில் அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதாகாது. ஏரியன் 5-ன் பக்கவாட்டு வேகம் அதிகம், ஆகவே எண் வழிந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் இனிமேல்தான். ஏடா மொழி தன் கடமையைச் செய்தது. பிழையைக் கண்டுபிடித்து விதிவிலக்கை எழுப்பியது! ஆனால் ஆபத்துள்ள 7 மாறிகளில் 4-க்கு மட்டும்தான் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இலக்குக்காக மற்ற மூன்றை, யோசித்தே, விட்டுவிட்டார்கள். விதிவிலக்கு வந்தால் அந்தக் கணினியை நிறுத்திவிட்டு மாற்றுக் கணினிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதே எண். அது ஒரு நொடியின் சிறு பகுதிக்கு முன்பே நின்றுபோயிருந்தது. நின்றுபோன கருவி அனுப்பிய பழுது விவரத்தை ராக்கெட்டின் முக்கியக் கணினி பறக்கும் விவரம் என்று நினைத்துக்கொண்டு முனைக்குழாய்களைத் திருப்பியது. மிச்சம் காற்றழுத்தத்தின் வேலை.

கொடுமை என்னவென்றால், பிழை வந்த அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்ட பிறகு தேவையே இல்லாதது! பழைய ராக்கெட்டின் தேவைக்காக, கிளம்பிய பிறகும் சுமார் 40 வினாடி ஓடும்படி விட்டிருந்தார்கள்.

ஹோர் சொன்னது பலித்துவிட்டது என்று சிலர் நினைக்கலாம். முழுக்க அப்படியில்லை. மொழி பிழையை மறைக்கவில்லை. 'பிழை என்றால் அது கருவியின் திடீர்ப் பழுதாகத்தான் இருக்கும், நிரலில் தவறு இருக்காது' என்ற மனிதர்களின் நம்பிக்கைதான் ராக்கெட்டை வீழ்த்தியது.

ஜாவாவின் கட்டாயம்

மறப்பவர்களை மறக்க விடாமல் செய்தால் என்ன? 1996-ல் முதல் பதிப்பு கண்ட ஜாவா இதைத்தான் முயன்றது. சில வகை விதிவிலக்குகளை 'பிடித்தாக வேண்டும், இல்லையேல் மேலே அனுப்புவதாக எழுதித் தர வேண்டும்'. இரண்டும் இல்லாவிட்டால் கம்பைலர் நிரலை ஏற்காது. சிஎல்யூவின் தலைப்புப் பட்டியல் யோசனையின் வாரிசு என்று சொல்லலாம்.

கேட்க அருமையாக இருந்தது. நடைமுறையில் என்ன ஆனது? அவசரத்தில் இருப்பவர் ஒரு 'கேட்ச்' பகுதியை எழுதி உள்ளே ஒன்றுமே எழுதாமல் மூடிவிடுவார். கம்பைலரின் வாய் மூடியது. பிழையின் வாயும் சேர்ந்தே மூடியது! கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்துக்கு என்ன மதிப்போ அதுதான் இதற்கும்.

2002-ல் வெளிவந்த சி ஷார்ப் மொழியில் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் இந்தக் கட்டாயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார். அடியில் இருக்கும் ஒரு ஃபங்ஷன் புதிதாக ஒரு விதிவிலக்கைச் சேர்த்தால் அதை நம்பியிருக்கும் எல்லா நிரல்களையும் திருத்த வேண்டியிருக்கும், பெரிய அமைப்புகளில் பட்டியல் நீண்டுகொண்டே போகும் என்பது அவர் வாதம். சி++ மொழியும் தன்னிடமிருந்த இதுபோன்ற பட்டியல் வசதியை 2011-ல் கைவிடத் தொடங்கி 2017-ல் நீக்கிவிட்டது.

இதற்கெல்லாம் மறுகோடியில் விஷுவல் பேசிக் இருக்கிறது. எக்ஸெல் மேக்ரோ எழுதும் கணக்காளர்களுக்கு 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற வரி நன்றாகப் பழக்கம். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். இருப்பாய்வு பொருந்தாதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவதுபோல. ஒரு வேறுபாடு உண்டு: அனாமத்துக் கணக்கில் தொகையாவது கண்ணுக்குத் தெரியும், பிறகு தேடித் திருத்தலாம். இங்கே, தனியாகச் சோதிக்காவிட்டால், சுவடே இருக்காது.

விழட்டும் விடு

ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில் 1986 வாக்கில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் உருவாக்கத் தொடங்கிய எர்லாங் மொழி வேறு திசையில் யோசித்தது. தொலைபேசி இணைப்பகம் நிற்கவே கூடாது. ஆனால் பிழையே இல்லாத நிரல் என்று ஒன்று கிடையாது. அப்படியானால்?

வேலையைப் பல்லாயிரம் சிறு சிறு செயல்களாகப் பிரித்தார்கள். ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொட முடியாது. ஒன்றில் பிழை வந்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முயல வேண்டாம், செத்துவிடட்டும். அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் மேற்பார்வைச் செயல் புதிதாக ஒன்றைத் தொடங்கும். ஒரு அழைப்பு அறுந்துபோகலாம், இணைப்பகம் நிற்காது. பின்னாளில் வாட்ஸ்அப் தன் சேவையை எர்லாங்கில் கட்டியதற்கும் இந்தக் குணம் ஒரு காரணம்.

ஏரியனிலும் 'நிறுத்திவிட்டு மாற்றுக்குப் போ' என்பதுதானே ஏற்பாடு, அது ஏன் தோற்றது? எர்லாங்கில் விழுவது ஒரு சின்னச் செயல். புதிதாகத் தொடங்குவது சுத்தமான நிலையிலிருந்து தொடங்கும். ஏரியனில் விழுந்தது திசைகாட்டும் கருவி முழுதும். மாற்றாக வந்ததும் அதே எண்ணைத்தான் சந்தித்தது. அந்த எண் திரும்பத் திரும்ப வருமானால் எர்லாங்காலும் காப்பாற்ற முடியாது. விழ விடுவது மலிவாக இருக்கும் இடத்தில்தான் அந்தக் கொள்கை செல்லும்.

சுற்றி வந்து பழைய இடத்துக்கே

2009-ல் கூகுள் வெளியிட்ட கோ மொழி, சி மொழியின் வழிக்கே திரும்பியது. அதன் படைப்பாளிகளில் ஒருவர் யூனிக்ஸைத் தந்த கென் தாம்ஸன் என்பதால் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு திருத்தம்: விடைக்கு ஒரு வாசல், பிழைக்கு இன்னொரு வாசல் என்று இரண்டு மதிப்புகளைத் திருப்பித் தரலாம். 'ஏடுஐ' குழப்பம் தீர்ந்தது. பதிலுக்கு, 'பிழை இருக்கிறதா' என்று கேட்கும் மூன்று வரிகள் நிரல் முழுக்க வந்துகொண்டே இருக்கும். இதைச் சுருக்க 2019-ல் 'ட்ரை' என்ற யோசனை வந்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் திரும்பப் பெற்றார்கள். 2025-ல், இதற்கான புதிய இலக்கணம் தேடுவதையே இப்போதைக்கு நிறுத்துகிறோம் என்று கோ குழு அறிவித்தது. வரிகள் கூடுதலாக இருந்தாலும் எல்லாம் கண்ணெதிரே இருக்கட்டும் என்பவர்கள் நிறைய!

2015-ல் முதல் பதிப்பு கண்ட ரஸ்ட் இன்னொரு படி மேலே போனது. தோற்கக்கூடிய ஃபங்ஷன் விடையைத் தராது, ஒரு பொட்டலத்தைத் தரும். உள்ளே விடையும் இருக்கலாம், பிழையும் இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் விடையைத் தொட முடியாது. பிழையை மேலே அனுப்ப ஒரு கேள்விக்குறி போதும். இந்தச் சுருக்கம் 2016-ல் சேர்ந்தது. அறுபது ஆண்டுப் பாடங்களும் ஒன்றுசேர்ந்த மொழி என்று பலரும் பாராட்டினார்கள்.

ஆனால் அதிலும் ஒரு குறுக்குவழி உண்டு. பெயர் 'அன்ராப்'. "உள்ளே விடைதான் இருக்கிறது, எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் நிரலே நின்றுவிடட்டும்" என்று பொருள்.

2025 நவம்பர் 18 அன்று இணையத்தின் கணிசமான பகுதி பல மணி நேரம் தடுமாறியது. ஏராளமான தளங்களுக்கு நடுவில் நின்று போக்குவரத்தைக் கடத்தும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் நடந்ததை அன்றே விவரமாக வெளியிட்டது. தரவுத்தளத்தில் அனுமதி தொடர்பாக ஒரு மாற்றம் செய்தார்கள். அதனால் ஒரு வினவலில் வரிசைகள் இரட்டித்து வந்தன. தானியங்கி வருகையாளர்களை அடையாளம் காணும் கோப்பு பெருத்துவிட்டது. அதைப் படிக்கும் ரஸ்ட் நிரலில் 200 அம்சங்கள்தான் உச்சவரம்பு. வரம்பு தாண்டியதும் பிழை ஒழுங்காகவே பொட்டலத்தில் வந்தது. அதை வாங்கிய வரியில் இருந்தது 'அன்ராப்'. நிரல் நின்றது.

ஏரியனுக்கும் இதற்கும் 29 ஆண்டுகள் இடைவெளி. மொழி வேறு, துறை வேறு. ஆனால் இரண்டிலும் மொழி பிழையைச் சொன்னது. இரண்டிலும் 'இந்த எண் இதற்கு மேல் போகாது' என்ற பழைய நம்பிக்கை ஒன்று இருந்தது. இரண்டிலும் தோல்விக்கான ஏற்பாடு 'நிறுத்து' என்பதுதான்.

கணக்கு எங்கே முடிகிறது?

2014-ல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெச்பேஸ், கசாண்ட்ரா, ரெடிஸ் போன்ற 5 பெரிய அமைப்புகளில் ஏற்பட்ட 198 கோளாறுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் மொத்த அமைப்பையும் சாய்த்த பேரழிவுகளில் 92 சதவீதம், நிரல் ஏற்கனவே வெளிப்படையாகத் தெரிவித்த, உயிர்போகாத பிழைகளைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை! வெற்று 'கேட்ச்', 'பிறகு எழுதிக்கொள்ளலாம்' என்ற குறிப்பு மட்டும் இருக்கும் 'கேட்ச்' போன்ற அற்பக் காரணங்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆகவே எந்த மொழியின் முறை சிறந்தது என்ற கேள்வியை விட, இந்த இடத்தில் தவறு நடந்தால் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வி பயனுள்ளது. சி மொழியில் எழுதுபவரின் கவனம் ஏற்கிறது. ஜாவாவில் அவரது பொறுமை ஏற்கிறது. கோவில் படிப்பவரின் கண்கள். எர்லாங்கில் அறுந்துபோன ஓர் அழைப்பு. இவர்களில் யாரும் ஏற்காதபோது அந்தத் தொகை ரத்தாகிவிடுவதில்லை. ராக்கெட்டின் மேல் செயற்கைக்கோள் வைத்த விஞ்ஞானியின் பெயரிலோ, திறக்காத தளத்தின் முன் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரின் பெயரிலோ அது எழுதப்படுகிறது.

மொழி செய்யக்கூடியது பிழையை உரிய ஆளின் மேசைக்குக் கொண்டுவந்து வைப்பது. ஐம்பது ஆண்டுகளில் அந்த வேலையில் மொழிகள் நன்றாகவே தேறிவிட்டன. மேசைக்கு வந்த காகிதத்தைப் படிக்காமல் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடும் பழக்கத்துக்குத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.